மெழுகில் வைத்த முன்பற்கள்

போன வாரம் சுனிதா போன் செய்தாள். நான் முன்பு வேலை பார்த்த பல் லேபை இப்போது அவள்தான் நடத்துகிறாள்.

"அங்கிள், நம்ம குரூப்ல போட ஏதாச்சும் எழுதிக் கொடுங்க. உங்க அனுபவம். பசங்க கேக்கறாங்க."

"எவ்வளவு எழுதணும்?"

"படிக்கற அளவுக்கு."

என் எழுத்தைப் பற்றி அவளுக்கு இருந்த நம்பிக்கை அந்த ஒரு பதிலிலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். மைசூர் விஜயநகரில் என் மகள் வீட்டு மாடியில் எனக்கென்று ஒரு மேசை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மேசையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கொஞ்ச நேரம் படிக்கட்டில், கொஞ்ச நேரம் வாசலில் நிற்கும் ஸ்கூட்டர் மேல். ஓய்வு என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். அது எங்கே கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

சுனிதா போனை வைக்கும்முன் இன்னொன்றும் கேட்டாள். உண்மையில் அதைக் கேட்கத்தான் கூப்பிட்டாள் என்று நினைக்கிறேன்.

"நேத்து ஒரு பொண்ணு வந்தா அங்கிள். தெத்துப்பல்லு ஒண்ணு இருக்கு, பாக்க அவ்வளவு லட்சணமா இருக்கு. அதை ராவிட்டு மேல வெள்ளையா ஓடு ஒட்டிக் கொடுங்கங்கறா. போன்ல தன் போட்டோவைத் தானே மாத்தி வெச்சிருக்கா, இதே மாதிரி வேணும்னு. இப்ப வர்ற எல்லாரும் இப்படித்தான், எல்லாருக்கும் ஒரே பல்லு. நாம எதாச்சும் சொல்லணுமா, இல்ல பேசாம செஞ்சு கொடுத்துடணுமா?"

நான் என் காலத்தில் ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு என்ன நடந்தது என்பதை எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த பதில்.

முதலில், நான் யார் என்று தெரியாத பசங்களுக்கு. என் அப்பா மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்தவர். அவர் சிமென்ட் குழைத்தார், நான் பிளாஸ்டர் குழைத்தேன். குடும்பத் தொழில் கெட்டுப்போகவில்லை. குமிழி விழாமல் பிளாஸ்டர் ஊற்றவே எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. பல் அடுக்கக் கற்றுக்கொள்ள இன்னும் சில வருஷம். அந்தச் சில வருஷத்தில் நான் கெடுத்த பல்செட்டுகளை மாட்டிக்கொண்டு ஒரு கிராமமே சாப்பிடலாம், வலியோடு.

வேலை இப்படி. டாக்டர் நோயாளியின் ஈறை அச்சு எடுத்துத் தருவார். அதில் பிளாஸ்டர் ஊற்றி மாதிரி எடுப்போம். அதன் மேல் மெழுகில் ஒரு வரப்பு. அந்த வரப்பை வாயில் வைத்துப் பார்த்து, பல் எவ்வளவு உயரம், உதடு எவ்வளவு தூக்கும், நடுக்கோடு எங்கே என்று டாக்டர் கீறித் தருவார். அந்தக் கோட்டை நம்பி நாங்கள் ஒவ்வொரு பல்லாக மெழுகில் நட வேண்டும். பிறகு மெழுகோடு வாயில் வைத்துப் பார்ப்பார்கள். நோயாளி கண்ணாடியில் பார்த்துச் சரி என்றால்தான் மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அக்ரிலிக்கில் வேக வைப்போம். வெந்த பிறகு மாற்ற முடியாது. மெழுகில் இருக்கும்வரை சூடான கத்தியால் எந்தப் பல்லையும் தள்ளலாம், இழுக்கலாம், திருப்பலாம். எங்கள் தொழிலின் கருணையெல்லாம் அந்த மெழுகில்தான்.

இதில் முகம் என்ற ஒன்றை நாங்கள் பார்ப்பதே இல்லை. எனக்குத் தெரிந்த மைசூர்க்காரர்கள் பெரும்பாலும் மூக்குக்குக் கீழே தொடங்கி தாடைக்கு மேலே முடிந்துவிடுவார்கள்.

நான் நோயாளிகள் பக்கம் போகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் முன்பற்கள் என்னைவிடக் கொஞ்சம் முன்னால் போகும். மழை பெய்தால் முதலில் அவைதான் நனையும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு டாக்டர் நோயாளிகளைப் பார்க்கும் முன்னறைக்குப் போனேன். நாற்காலியில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். "இவர் பல்லும் இங்கே செஞ்சதுதானா?" என்று மரியாதையாகக் கேட்டார். "வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன்" என்று எழுந்து போனவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து நான் பின்னறை.

டாக்டர் வசுந்தராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் அவரிடம்தான் வேலை பார்த்தேன். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். தமிழ் பேசினால் அதற்குள் கன்னடம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஊரிலேயே அழகான பல்வரிசை அவருடையதாகத்தான் இருக்கும் என்பது லேபில் எங்கள் ஊகம். ஊகம்தான், ஏனென்றால் யாரும் முழுசாகப் பார்த்ததில்லை. சிரிக்கவே மாட்டார். நான் அடுக்கிய செட்டைக் கையில் வாங்கினால், சுண்டுவிரல் நகத்தால் ஒவ்வொரு பல்லையும் தொட்டுக்கொண்டே போவார். எங்கே விரல் நிற்கிறதோ அங்கே தப்பு. எதுவும் சொல்ல மாட்டார். செட்டைத் தலைகீழாக மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். நேராக வைத்தால் தேறிவிட்டேன் என்று பொருள். நான் நகைச்சுவை என்று நினைத்துச் சொல்பவற்றுக்கும் அதே விதிதான். என்னைத் தலைகீழாக வைக்க முடியாதது ஒன்றுதான் குறை.

இங்கே எழுந்து ஒரு நடை போய்விட்டு வந்தேன். இனிமேல்தான் விஷயம்.

மாதேஷ் என்ற பையன் தன் அம்மாவை அழைத்து வந்தான். அம்மா பழனியம்மா, ஹனூர்ப் பக்கம். மாதேஸ்வரன் மலையில் தேங்காய், பூ, விபூதி விற்கும் கடை வைத்திருந்தார். ஈறு கெட்டுப்போய் எல்லாப் பல்லையும் கொள்ளேகாலில் எடுத்துவிட்டார்கள். பையன் இங்கே கம்பெனி வேலையில் இருந்தான். அவனுக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்குள் செட் வேண்டும்.

பழைய போட்டோ இருந்தால் கொண்டு வரச் சொல்வது எங்கள் வழக்கம். உதட்டின் வளைவும் பல்லின் அளவும் அதில் தெரியும். பையன் லேப் வாசலுக்கே வந்து கொடுத்தான். தேர் நாளில் யாரோ எதிர்பாராமல் எடுத்த படம். எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. முன்பற்கள் இரண்டும் உதட்டைத் தாண்டி வெளியே வந்து, நடுவில் ஒரு நல்ல இடைவெளி விட்டு, பக்கத்துப் பற்கள் மேல் சாய்ந்திருந்தன.

"அம்மா முன்னாடி எப்படி இருந்தாங்களோ அப்படியே வேணும் சார்" என்றான் மாதேஷ். "பல்லு எடுத்ததுல இருந்து அவங்க அம்மா மாதிரியே இல்ல. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது. இதைச் செய்ய என்னைவிட யார் தகுதி? கன்னாபின்னா என்று அடுக்குவதைவிட ஒழுங்காக அடுக்குவது சுலபம், பழகியவர்களுக்குத் தெரியும். இடைவெளியை நகக்கண் அளவுக்கு வைத்தேன். முன்பற்களைச் சாய்த்தேன். சாய்ந்தது போதாமல் மெழுகை மறுபடி சூடாக்கி இன்னும் இழுத்தேன். வேலை செய்யும்போதே, எல்லாரும் ஒரே மாதிரிப் பல் கேட்கும் காலத்தில் தன் முகத்தைத் தன் முகமாகவே வைத்துக்கொள்ளும் ஒரு அம்மா என்று உள்ளுக்குள் ஒரு சொற்பொழிவும் தயாராகிக்கொண்டிருந்தது.

டாக்டர் வந்து கையில் வாங்கினார். சுண்டுவிரல் முதல் பல்லிலேயே நின்றது.

"தங்கவேலு, இது யாரோட பல்லு? அவங்களதா, உங்களதா?"

"போட்டோவுல அப்படியே இருக்கு மேடம்."

"அவங்களைக் கேட்டீங்களா?"

"அவங்க பையன்தான் படம் கொடுத்தார்."

"ஹ்ம்." செட்டை நேராகவும் வைக்கவில்லை, தலைகீழாகவும் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு படத்தையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "சரி. வெச்சுப் பார்க்கலாம். மெழுகுதானே."

மறுநாள் நான் தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். வாயில் வைத்துவிட்டார்கள். கைக்கண்ணாடியைக் கொடுத்தார்கள். நான் ஒரு பிளாஸ்டர் கிண்ணத்தைக் கழுவினேன். அதையே மறுபடி கழுவினேன். பிறகு டாக்டர் கூப்பிட்டார். "தங்கவேலு, ஸ்வல்ப, கொஞ்சம் இங்க வாங்க. இவங்களுக்கு உங்களைப் பாக்கணுமாம்."

பாராட்டத்தான் என்று நினைத்துச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன்.

பழனியம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். செட் கழற்றித் தட்டில் இருந்தது. கண்ணாடி மடியில் கவிழ்ந்து கிடந்தது. பையன் சுவரோரம் நின்றான்.

"இதைச் செஞ்சது நீங்களாங்க?" பல் இல்லாத வாயில் வார்த்தை கொஞ்சம் குழைந்து வந்தது.

"ஆமாங்க."

"நல்ல கைங்க. அப்படியே உரிச்சு வெச்ச மாதிரி இருக்குது."

"போட்டோவைப் பாத்துதாங்க."

"எனக்கு வேண்டாமுங்க."

தயாராக இருந்த சொற்பொழிவு வாசல்வரை வந்து நின்றது. நான் அதை வெளியே விட்டேன். "அம்மா, மூஞ்சின்னா அதுல ஒரு அடையாளம் வேணும். நாலு பேரு இதுதான் அழகுன்னு சொன்னா நாமளும் அப்படி மாறிடணுமா? என்னையே பாருங்க. எனக்கும் இதே பல்லுதான். நான் என்ன குறைஞ்சு போயிட்டேன்? சந்தோஷமா இல்லையா?"

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தேங்காயைத் தட்டிப் பார்க்கிறவர்கள் பார்க்கும் பார்வை.

"எங்கீங்க பல்லு? மீசைதானுங்க தெரியுது."

என் கை மீசைக்குப் போனது.

"நீங்க மீசையை வளத்து மூடிக்கிட்டீங்க. எனக்கு மீசை மொளைக்காதுங்களே."

டாக்டர் வசுந்தரா சட்டென்று திரும்பிக் கை கழுவும் தொட்டியில் குழாயைத் திறந்தார். கை கழுவவில்லை. தோள் இரண்டும் குலுங்கின. எதிரே இருந்த கண்ணாடியில் பார்த்துவிட்டேன். எங்கள் ஊகம் சரி. ஊரிலேயே அழகான வரிசை.

மீசை எப்போது வைத்தேன் என்று அங்கேயே நின்று யோசித்தேன். அந்தப் பெரியவர் எழுந்து போன வாரம். கம்பீரத்துக்காக வைத்ததாகத்தான் அதுவரை எல்லாரிடமும் சொல்லி வந்தேன், என்னிடமும்.

பழனியம்மா தொடர்ந்தார். "எந்தம்பி கல்யாணம், கொழுந்தன் கல்யாணம், எல்லாத்துலயும் போட்டோ புடிக்கக் கூப்புட்டா, அடுப்புல வேலை இருக்குதுன்னு சமையக்கட்டுக்குப் போயிருவனுங்க. ஒரு கல்யாண போட்டோவுலயும் நான் இல்லை. இது எம் பையன் கல்யாணம். அடுப்புன்னு சொல்ல முடியாது. சமையலுக்கு ஆளு வெச்சிட்டாங்க. மேடையில நிக்கோணும், வேற வழியில்லீங்க."

"அம்மா, பழைய மாதிரி இருந்தாத்தான் எனக்கு நீ" என்றான் மாதேஷ். குரல் இறங்கிப் போயிருந்தது. "மாத்திட்டா யாரோ மாதிரி நிப்ப."

"டேய், நீ பாத்த மூஞ்சி வேற, நான் கண்ணாடில பாத்த மூஞ்சி வேற. உனக்கு அது அம்மா. எனக்கு அது தேங்காத்துருவி."

"அது என்ன?"

"பள்ளிக்கூடத்துல எனக்கு வெச்ச பேரு. வெச்சவ இன்னும் நம்ம கடையிலதான் தேங்கா வாங்குறா. போகையில இன்னைக்கும் அந்தப் பேரைச் சொல்லித்தான் போயிட்டு வரேங்கறா."

பையனுக்கு அது தெரியாது போலிருந்தது. அவன் வெளியே போய் நின்றுகொண்டான்.

டாக்டர் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார். முகம் பழையபடி ஆகியிருந்தது. "உங்களுக்கு எப்படி இருக்கணும்? சொல்லுங்க. டிவில வர்றவங்க மாதிரியா?"

"அய்யோ வேண்டாமுங்க. அது எனக்கு ஆகாது. உதடு ரெண்டும் ஒட்டோணும். அது போதும். எனக்குத் தெரிஞ்சு எம்பட வாயி ஒரு நாளும் முழுசா மூடுனதில்லீங்க."

சுனிதா, உன் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்று எனக்கும் தெரிகிறது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மகள் ஆபீஸ் போய்விட்டாள், இப்போது காம்பவுண்ட் சுவரை ஒட்டி நின்றுகொண்டு எழுதுகிறேன்.

மெழுகைச் சூடாக்கி முன்பற்களைப் பிடுங்கினேன். கொஞ்சம் கோபம் இருந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். ஒரு பல் கைதவறி மேசைக்கு அடியில் ஓடியது. தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தபோது டாக்டரின் செருப்பு வந்து நின்றது. அவர் எங்கள் பின்னறையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அன்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உதடு மூடணும். அவங்க கேட்டது அது ஒண்ணுதான். நீங்க அதுக்கு மேல அழகு சேர்க்காதீங்க, அடையாளமும் சேர்க்காதீங்க."

"சரி மேடம்."

பற்களை ஈறின் மேட்டுக்கு நேராகப் பின்னுக்குக் கொண்டு வந்தேன். இடைவெளியை மூடினேன். முழுக்க ஒழுங்காக வைத்தால் கட்டிய செட் என்று பளிச்சென்று தெரிந்துவிடும். ஆகவே இடது பக்கத்துப் பல் ஒன்றை ஒரு மயிரிழை திருப்பி வைத்தேன். எல்லாரும் செய்வதுதான். சுண்டுவிரல் சரியாக அதில் வந்து நின்றது.

"இது?"

"ரொம்ப நேரா இருந்தா செட்டுன்னு தெரிஞ்சிடும் மேடம்."

"அவங்களைக் கேட்டு வைங்க."

அடுத்த முறை நானே முன்னறைக்குப் போய்க் கேட்டேன். பழனியம்மா கண்ணாடியில் அந்தப் பல்லைத் தேடிக் கண்டுபிடித்தார். "இது உங்க கையெழுத்துங்களா?" என்றார். "இருந்துட்டுப் போகுதுங்க." பிறகு கண்ணாடியைப் பார்த்தபடி உதடுகளைச் சேர்த்தார். சேர்ந்தன. அப்படியே இருந்தார். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. வெளியே அடுத்த நோயாளி இருமிக்கொண்டிருந்தார். அந்த அறையில் வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பெண் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். சும்மா நிற்கத் தெரியாத நான்கூட அசையாமல் நின்றேன்.

வேக வைத்து, ராவி, மெருகு போட்டு, செட்டைக் கொடுத்த அன்று டாக்டர் வழக்கமான பாடத்தைச் சொன்னார். கொஞ்ச நாள் மெதுவாகப் பேசுங்கள், சின்னச் சின்ன வாயாகச் சாப்பிடுங்கள், வாயை அகலமாகத் திறந்து சிரிக்காதீர்கள். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. பழனியம்மாவுக்கும் வந்தது. உடனே அவர் வலது கை எழுந்து வாயை மூடியது. மூட இப்போது ஒன்றும் இல்லை. கைக்கு அது தெரியவில்லை.

"கை கேக்க மாட்டேங்குதுங்க" என்றார். "அதுக்கு ஏதாவது செஞ்சு தருவீங்களா?"

"கைக்கு நாங்க செட் கட்டறதில்லைங்க" என்றேன்.

மாதேஷ் அம்மாவை ஒரு பக்கமாகப் பார்த்தான், வேறு பக்கமாகப் பார்த்தான். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. கைப்பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

கல்யாணத்துக்கு எனக்கும் மனைவிக்கும் அழைப்பு வந்தது. டாக்டர் வரவில்லை. நான் போனது வாழ்த்துவதற்கு இல்லை, வேவு பார்ப்பதற்கு. செட் எப்படி நிற்கிறது, சாப்பிடும்போது ஆடுகிறதா, பையன் முகம் எப்படி இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சாலையை ஒட்டிய மண்டபம். லாரிச் சத்தத்தில் மேளம் பாதிதான் கேட்டது. பழனியம்மா மேடையில் நின்றார். உதடுகளை ஒட்டி வைத்துக்கொண்டு, காவல்காரர் மாதிரி நின்றார். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னபோதெல்லாம் உதடு இன்னும் இறுகியது, வலது கை பாதிவரை எழுந்து இறங்கியது. உதடு மூட வேண்டும் என்று கேட்டார், மூடிக் கொடுத்துவிட்டோம். இனி திறக்க மாட்டார் போலிருக்கிறதே என்று என்னால் உட்கார முடியவில்லை. மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

அப்போது பெண் வீட்டுப் பாட்டனார் ஒருவர் அட்சதை போட மேடை ஏறினார். கண் சரியாகத் தெரியாதவர். அட்சதையைக் கைநிறைய அள்ளி மாப்பிள்ளை என்று நினைத்துப் போட்டோக்காரர் தலையில் போட்டு, "பதினாறும் பெற்று நல்லா இருப்பா" என்று சொல்லி, மோதிரத்தையும் அவர் கையில் போடப் பார்த்தார். போட்டோக்காரர் அசையாமல் நின்று வாங்கிக்கொண்டார்.

பழனியம்மா சிரித்தார். உதட்டால் இல்லை, வயிற்றிலிருந்து. வாய் முழுக்கத் திறந்தது. செட் போட்ட பிறகு அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை, ஆகவே அப்படிச் சிரித்தால் செட் நிற்குமா என்று சோதித்துப் பார்க்க எனக்கும் தோன்றியதில்லை. நிற்கவில்லை. மேல் செட் கழன்று கீழ் செட்டின் மேல் உட்கார்ந்தது. மேடையில், விளக்கு வெளிச்சத்தில், இரண்டு வீட்டாருக்கும் முன்னால்.

ஓடலாமா, மேடை ஏறலாமா என்று தெரியவில்லை. அவரோ கட்டைவிரலை வாய்க்குள் விட்டு, செட்டை மேலே தள்ளி, ஒரு முறை கடித்துப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சிரிப்பைத் தொடர்ந்தார். பக்கத்தில் நின்ற மாதேஷ் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவனும் சிரிக்கத் தொடங்கினான். "அம்மா" என்றான்.

நான் மேடை ஏறியதும் முதல் வார்த்தையாக, "திங்கக்கிழமை வந்துருங்கம்மா, இறுக்கிக் கொடுத்துடறேன்" என்றேன்.

"வாரனுங்க. அவசரமில்லீங்க."

"ஆடுது பாருங்க, எல்லாரும் பாத்துட்டாங்க."

"பாத்தாங்க. அதுக்கு என்னுங்க?" என்று சொல்லி என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்தினார். என் மனைவியை அந்தப் பக்கம் நிறுத்தினார். தலையில் அட்சதையோடு போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். நான் எப்போதும் செய்வதுபோல் மேலுதட்டைக் கீழே இழுத்து மீசையைச் சரியாக விரித்துக்கொண்டேன்.

"சார்" என்றார் பழனியம்மா, முன்னால் பார்த்தபடியே. "வாயைத் தொறங்க."

முன்னறையில் நாள் முழுக்க டாக்டர் சொல்லும் வார்த்தை. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே நான் கேட்டு வந்த வார்த்தை. என்னிடம் யாரும் அதைச் சொன்னதில்லை. திறந்துவிட்டேன்.

அந்தப் படத்தை மாதேஷ் அனுப்பி வைத்தான். என் மனைவி அதைப் பெரிதாகப் போட்டு எங்கள் துணி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். மழைக்கு முதலில் நனைகிறவை இரண்டும் நடுவில் தெளிவாக இருக்கின்றன. தினமும் சட்டை எடுக்க அந்தக் கதவைத்தான் திறக்க வேண்டும். வேகமாகத் திறந்து வேகமாக மூடுகிறேன். இன்று காலை மூடுமுன் ஒரு நிமிஷம் நின்றேன், சுனிதா. இப்போதைக்கு அவ்வளவுதான் என்னால் முடிந்தது.